அப்பா "சரி, வை" என்றார்: இது எந்த மாடல்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் மதுரையில் ஒரு கல்லூரியில் தகவல் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். பேச்சு எப்படி நடக்கிறது என்று விளக்கும் ஒருவழி மாடல், ஊடாட்ட மாடல், பரிமாற்ற மாடல் என்று மூன்றை நடத்திவிட்டு, சொந்த வாழ்க்கையில் நடந்த ஓர் உரையாடலை அவற்றில் பொருத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். உசிலம்பட்டியில் கடை வைத்திருக்கும் அப்பாவோடு ஹாஸ்டலிலிருந்து பேசிய ஒரு போனை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இன்டர்ன்ஷிப்புக்காகச் சென்னையில் இரண்டு மாதம் தங்கப் போகிறேன் என்று சொன்னீர்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரி, வை" என்றார். இது எந்த மாடல், மூன்றாவதுதான் சரி என்று புத்தகம் சொல்லும்போது முதல் இரண்டை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா சம்மதித்தாரா, இல்லையா?

23 ஆண்டுகள் இந்தப் பாடத்தை மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நடத்தியவள் நான். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, எந்த மாடலிடமும் இல்லை. முதல் கேள்விக்கு உண்டு. மூன்று மாடல்களும் ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் என்று எடுத்துக்கொள்வதால்தான் "எது சரி" என்ற சந்தேகம் வருகிறது. அவை மூன்று வேறு கேள்விகள். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று ஒன்று கேட்கிறது. சேர்ந்தது புரிந்ததா என்று அடுத்தது. இந்தப் பேச்சு நம் இரண்டு பேரையும் என்ன செய்தது என்பது மூன்றாவது. உங்கள் போனை மூன்றிலும் வைத்துப் பார்க்கலாம், ஒவ்வொன்றிலும் வேறு ஒன்று தெரியும்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். 1948-ல் கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதிய கட்டுரைதான் இதன் வேர். அடுத்த ஆண்டு வாரன் வீவரின் விளக்கத்தோடு அது புத்தகமாக வந்தது. பெல் என்றால் தொலைபேசி. கம்பியில் போகும் செய்தி வழியில் கெட்டுப்போகாமல் எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் ஷானனுக்கு இருந்த வேலை. மூலம், அனுப்பும் கருவி, தடம், தடத்தில் வந்து கலக்கும் இரைச்சல், வாங்கும் கருவி, சேருமிடம் என்று அவர் படம் போட்டார். செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாதது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதியும் வைத்தார். ஆகவே "இந்த மாடல் மனித உணர்வைக் கணக்கில் எடுக்கவில்லை" என்று பரீட்சையில் குறை எழுதும்போது, அவர் எடுக்கவே வராத ஒன்றை எடுக்கவில்லை என்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். 1948-லேயே ஹெரால்டு லாஸ்வெல் கேட்ட "யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு" என்ற வரியும், 1960-ல் டேவிட் பெர்லோ கொடுத்த நான்கு பகுதி மாடலும் இதே வரிசையில் வருகிறவை. அவற்றுக்குப் புத்தகத்தில் இருப்பதே போதும்.

இந்த மாடல் மனிதர்களுக்கு உதவாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போக ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்பீர்கள் அல்லவா? கண்டக்டர் "உசிலம்பட்டி தேனி, உசிலம்பட்டி தேனி, உசிலம்பட்டி" என்று விடாமல் கூப்பிடுகிறார். ஒரு தடவை சொன்னால் போதாதா? போதாது. ஹாரன் சத்தம், பக்கத்து பஸ்காரர் போடும் சத்தம், கடலைக்காரர் குரல் எல்லாம் கலந்து கிடக்கும் இடத்தில் பாதி அழிந்தாலும் மீதி பாதியில் செய்தி நிற்க வேண்டும். அதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஷானன் இதை மிகைமை என்று கணக்காகவே போட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 50 சதவீதம் அப்படிப்பட்ட மிகைதான் என்று அந்தக் கட்டுரையில் மதிப்பிட்டிருக்கிறார். உங்கள் போனுக்கு இதைப் பொருத்தினால் கிடைப்பது மிகச் சாதாரணமான கேள்வி: "இரண்டு மாதம்" என்பது அப்பாவின் காதில் சரியாக விழுந்ததா? சிக்னல் விட்டுவிட்டு வந்ததா? எத்தனை தடவை சொன்னீர்கள்? பெரிய மனஸ்தாபம் என்று ஊதிப் பெருக்கிய எத்தனையோ விஷயம் இந்த இடத்திலேயே முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே நம் கலைச்சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்கள் வழுக்கும் இடம் அது. அனுப்புநர், பெறுநர் என்ற சொற்களை நீங்கள் எட்டாம் வகுப்பு விடுப்பு விண்ணப்பத்திலேயே எழுதியிருப்பீர்கள். அதனால் தகவல் தொடர்பு என்றதும் மனத்தில் ஒரு கடிதம் வந்துவிடுகிறது. ஒருவர் எழுதுகிறார், உறை போகிறது, இன்னொருவர் பிரிக்கிறார். இரண்டாவது மாடல், மூன்றாவது மாடல் என்று எத்தனை படித்தாலும் அந்த உறை மனத்தை விட்டுப் போவதில்லை. இரைச்சல் என்பதும் அப்படித்தான். காதில் விழும் சத்தம் என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். வீவரே 1949-ல் பொருளில் ஏற்படும் இரைச்சலைத் தனியாகக் குறித்தார். உங்கள் அப்பாவுக்கு "இன்டர்ன்ஷிப்" என்ற சொல் வேலையாகப் பட்டதா, படிப்பாகப் பட்டதா, சம்பளம் உண்டா இல்லையா? அந்தக் குழப்பமும் இரைச்சல்தான், சத்தம் ஒரு துளியும் இல்லாமல்.

இரண்டாவது மாடலுக்கு ஒரு காட்சி சொல்கிறேன். சின்ன வயதில் என் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். விலை பேசும்போது யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேல் போர்த்துவார். துண்டுக்குள் ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிப்பார். இரண்டு விரல், மூன்று விரல், அப்புறம் ஒரு அழுத்து. முகம் இரண்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். தாத்தா தலையை லேசாக ஆட்டிக் கையை உருவிக்கொண்டால் படியவில்லை என்று அர்த்தம். தரகர் விடமாட்டார், கையைத் திரும்பப் பிடித்து உள்ளே இழுப்பார். சுற்றி நாற்பது பேர் நின்றாலும் என்ன விலை ஓடுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் தாத்தாவிடம் கேட்டேன்: "ஒரு வெரலுன்னா நூறா ஆயிரமா தாத்தா?" "மாட்டப் பாத்தா தெரியாதா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் வில்பர் ஷ்ராம் 1954-ல் எழுதியது இருக்கிறது. இரண்டு பேரின் அனுபவப் பரப்பை அவர் இரண்டு வட்டங்களாக வரைந்தார். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் செய்தி செய்தியாகிறது. விரல் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, உழவு மாடா, கறவை மாடா, பல் எத்தனை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையான என் கையில் அதே விரலைப் பிடித்திருந்தால் எனக்கு வெறும் விரல்தான் கிடைத்திருக்கும். அதோடு, பிடித்தவர் கையும் சும்மா இல்லை, உடனே பதில் பிடி பிடிக்கிறது. அனுப்பியவர் வாங்குகிறவராகவும் வாங்கியவர் அனுப்புகிறவராகவும் மாறி மாறி ஓடும் இந்த வட்டத்தைச் சார்லஸ் ஆஸ்குட் என்ற உளவியலாளரிடமிருந்து எடுத்ததாக ஷ்ராம் சொல்கிறார். திரும்பி வரும் பதிலைப் பின்னூட்டம் என்று படிக்கிறீர்களே, அந்தக் கருத்து பெரிய அளவில் பரவியது நார்பர்ட் வீனர் 1948-ல் எழுதிய தன்னாள்வியல் (சைபர்நெட்டிக்ஸ்) நூலால். ஷானனின் மாடலில் பின்னூட்டமே கிடையாது என்று புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. பாடத்தில் வரும் படத்தில் கிடையாது என்பது சரி. ஆனால் அதே 1948 கட்டுரையில், அனுப்பியதையும் வந்து சேர்ந்ததையும் ஒப்பிட்டுத் திருத்தம் அனுப்பும் ஒரு தனித் தடத்தையும் அவர் வரைந்திருக்கிறார்.

ஊடாட்ட மாடலில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. இது புத்தகக் கருத்து இல்லை, வகுப்பில் பட்ட அனுபவம், அதனால் என் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாடல், பதில் சொல்கிறவர் தான் நினைத்ததைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறது. நான் பாடம் எடுக்க ஆரம்பித்த ஆண்டில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். அறுபது பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது மேம்" என்பார்கள். பின்னூட்டம் நன்றாக வருகிறது என்று மகிழ்ந்துபோய் அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன். முதல் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போதுதான் பாதிப் பேருக்கு முதல் பகுதியே புரியவில்லை என்று தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. "புரிஞ்சுது மேம்" என்பது பாடத்தைப் பற்றிய பதிலே இல்லை, எனக்குக் கொடுத்த மரியாதை. நம் ஊரில் அப்பாவுக்கு மகள், முதலாளிக்கு வேலையாள், மாமியாருக்கு மருமகள் சொல்லும் "சரி"களில் எத்தனையோ இந்த வகை. அன்றிலிருந்து "புரிஞ்சுதா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இதையே உங்க அம்மாவுக்கு எப்படிச் சொல்லுவீங்க, சொல்லுங்க" என்று ஒருவரை எழுப்பிக் கேட்பேன்.

இங்கேதான் மூன்றாவது மாடல் தேவைப்படுகிறது. டீன் பார்ன்லண்ட் 1970-ல் எழுதியது அது. பொருள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு நடக்க நடக்க உருவாகிறது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்கிறவர்களாகவும் கேட்கிறவர்களாகவும் இருக்கிறார்கள் என்றார். இது கடினமாகப் பட்டால் பாட்டி கதை சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். "ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்" என்பார்கள் அல்லவா? உம் கொட்டுகிற பிள்ளை கதைக்குப் பதில் சொல்லவில்லை, கதைக்கு உள்ளேயே இருக்கிறது. உம் வேகமாக வந்தால் பாட்டி பேயை இன்னும் கிட்டே கொண்டுவருவாள். உம் தேய்ந்தால் குரலைத் தாழ்த்திக் கதையை முடித்துப் போர்வையை இழுத்துவிடுவாள். கதையைச் சொன்னது யார்? வாய் பாட்டியுடையது, ஆனால் அந்தக் கதையின் நீளமும் வேகமும் முடிவும் இரண்டு பேருடையவை.

உங்கள் போனைத் திரும்ப எடுங்கள். "சென்னையில் ரெண்டு மாசம்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் உம் நின்றிருக்கும். நின்றதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? வேகமாகப் பேசினீர்களா? கேட்காத விஷயத்துக்கெல்லாம், ஹாஸ்டல் பாதுகாப்பு, கூட வரும் தோழி, செலவு என்று பதில் சொல்ல ஆரம்பித்தீர்களா? அந்த வேகத்தைக் கேட்டு அவர் இன்னும் பேசாமல் ஆனாரா? அவருடைய மௌனமும் உங்கள் வேகமும் ஒன்றையொன்று வளர்த்திருக்கலாம். இதில் எது முதலில், எது பதில் என்று பிரிக்க முடியாது. பால் வாட்ஸ்லாவிக், அவரோடு ஜேனட் பீவின், டான் ஜாக்சன் மூவரும் 1967-ல் எழுதிய நூலில், மனிதரால் தொடர்பு கொள்ளாமல் இருக்கவே முடியாது என்று ஒரு விதி வைத்தார்கள். பேசாமல் இருந்ததும் பேச்சுதான்.

அவர்களுடைய இன்னொரு விதி உங்கள் அசைன்மென்ட்டுக்கு இன்னும் உதவும். ஒவ்வொரு பேச்சிலும் செய்தி என்ற தளம் ஒன்று, உறவு என்ற தளம் ஒன்று என்று இரண்டு இருக்கும். தமிழில் உறவுத் தளத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, வினைச்சொல்லின் வாலிலேயே தொங்குகிறது. வை, வைம்மா, வைங்க. "வை" என்று மட்டும் சொன்னதை நீங்கள் கோபம் என்று எடுத்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா எப்போதுமே "வை" என்றுதான் சொல்வாரா, இல்லை "வை ஆத்தா", "வைம்மா" என்று சொல்லிப் பழகியவரா? எப்போதும் "வை" என்றால் அதில் சேதி ஒன்றுமில்லை. வழக்கமாக வரும் "ம்மா" அன்றைக்கு வரவில்லை என்றால், வராத அந்த இரண்டு எழுத்துதான் சேதி. இதற்கு நேர் எதிரும் உண்டு. மகளை "நீ" என்றே கூப்பிடும் அப்பா திடீரென்று "நீங்க முடிவு பண்ணிட்டீங்க, அப்புறம் என்ன" என்றால் அந்த மரியாதை சுடும். அதற்குப் பதில் "வை" எவ்வளவோ மேல்.

முகதாட்சண்யம் என்று நாம் சொல்கிறோமே, அதை ஒட்டிய ஒரு கருத்தை எர்விங் காஃப்மன் 1955-ல் முகம் என்ற பெயரிலேயே எழுதினார். ஆட்கள் பேசும்போது தன் முகத்தையும் எதிரில் இருப்பவர் முகத்தையும் காப்பாற்றிக்கொண்டே பேசுகிறார்கள் என்பது அவர் சொன்னது. அதை எடுத்து வளர்த்து பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-ல் வெளியிட்ட மரியாதை பற்றிய ஆய்வு உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. அது மூன்று மொழிகளை முக்கியமாக வைத்து எழுதப்பட்டது, அதில் ஒன்று தமிழ், கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்ட தமிழ். நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. முடிந்தால் உங்கள் துறை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இதுவரை சொன்னதில் ஆண்டுகளையும் பெயர்களையும் நம்பி எழுதலாம். சில விஷயங்களில் கவனம் வேண்டும். மூன்று மாடல்களும் ஒன்றை வென்று ஒன்று வந்ததாகப் புத்தகம் சொல்லும் கதை பாடம் நடத்த வசதியான அடுக்கு. இன்றும் உங்கள் போனுக்குள் ஷானனின் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது, எதுவும் தோற்றுப் போகவில்லை. அடுத்தது, பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று மேடைதோறும் சொல்லும் கணக்கு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. விருப்பு வெறுப்பு உணர்வை, அதுவும் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்த ஆய்வுகள் அவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அசைன்மென்ட்டில் அந்த எண்ணைப் போடாதீர்கள். மூன்றாவதாக, இதெல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் எல்லாம் உண்டு என்பது உறுதி. இந்த இடத்தில் இந்தச் சொல் இன்னாருக்கு இன்னார் சொல்வது பொருந்தும் என்று அறியவைப்பது முன்னம். ஆனால் அது செய்யுளுக்கு எழுதிய இலக்கணம். பார்ன்லண்டுக்கு முன்பே தொல்காப்பியர் கண்டுபிடித்துவிட்டார் என்று முழங்கினால் இரண்டு பேருக்கும் நியாயம் செய்யவில்லை. கேட்கிறவரையும் இடத்தையும் நேரத்தையும் பேச்சின் உறுப்பாகவே எண்ணிய மரபு நம்முடையது என்று எழுதினால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

அசைன்மென்ட்டை எப்படி எழுதுவது? "எந்த மாடல்" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே போனை மூன்று தடவை எழுதுங்கள். முதல் தடவை சிக்னலும் சொற்களும் மட்டும். இரண்டாவது தடவை, இன்டர்ன்ஷிப் என்பதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், அவருக்கு என்ன தெரியும், அவர் எங்கே கேள்வி கேட்டிருக்கலாம், ஏன் கேட்கவில்லை. மூன்றாவது தடவை, அந்த மௌனத்தில் நீங்கள் எப்படி மாறினீர்கள். மூன்றாவதை எழுதும்போது உங்கள் பக்கத்தைத்தான் உங்களால் நேர்மையாக எழுத முடியும். அப்பாவின் மனத்தில் இப்படி ஓடியது என்று எழுதிவிடாதீர்கள், அதை ஊகம் என்றே குறியுங்கள். திருத்துகிறவள் நானாக இருந்தால் அதற்கே கூட இரண்டு மதிப்பெண் போடுவேன். பரீட்சைக்கு மட்டும் உங்கள் ஆசிரியர் நடத்திய வரிசையிலேயே படம் வரைந்து, பகுதிகளுக்குப் பெயரிட்டு, ஆண்டையும் பெயரையும் போட்டு எழுதுங்கள். அங்கே வாதாட இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அப்பா சம்மதித்தாரா என்பதை நானும் சொல்ல முடியாது. நான் படித்தது தகவல் தொடர்பு, குடும்ப ஆலோசனை இல்லை. உங்கள் அப்பாவை எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எத்தனை மணிக்குப் போன் செய்தீர்கள்? சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு என்றால் கடையில் ஆள் நிற்கும் நேரம். ஒரு கையில் தராசு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், எதிரில் தெரிந்தவர் நாலு பேர். மகள் சென்னைக்குப் போகிற விஷயத்தை அந்த நாலு பேர் முன்னால் அவர் பேசியிருப்பாரா? சுற்றியுள்ள இடமும் அங்கே இருப்பவையும் தரும் குறிப்புகளைப் பார்ன்லண்ட் தம் படத்தில் தனியாகக் குறித்திருக்கிறார், உங்கள் புத்தகத்தில் அது சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கும். அந்த நேரத்தையும் கடையையும் அசைன்மென்ட்டில் சேருங்கள். அப்புறம், கடை சாத்தி அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒன்பதரை மணிவாக்கில் இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.